லினக்ஸ் போட்டுக் கொடுத்த கையோடு இசைக்கும் ஒரு வழி காட்டுங்கள்

கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்களுக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடாதீர்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும் என்று ஊர் ஊராகச் சொல்வதோடு நிற்காமல், கூடவே உட்கார்ந்து நிறுவியும் கொடுக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் பலர் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கணினித் துறையில் வேலை செய்பவர்கள். சனி ஞாயிறு ஓய்வை விட்டுவிட்டு எங்கள் பக்கம் வருகிறீர்கள். அந்த உழைப்பின் மேல் மரியாதை இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்காரன். கோயில் மண்டபத்தை ஒட்டிய ஓர் அறையில் பிள்ளைகளுக்குக் கீபோர்டும் தேவாரமும் சொல்லித் தருகிறேன். உருமி மேளக் குழுப் பையன்கள் எதையாவது பதிவு செய்ய வேண்டுமென்றால் அதே அறைக்குத்தான் வருவார்கள். ஒரு காலத்தில் இந்த ஊரைச் சுற்றிலும் பால்மரம். இப்போது பெரும்பாலும் செம்பனை. லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீடுகளில் இருக்கின்றன. அப்பா லாரி ஓட்டுவார், அம்மா ஈப்போ பக்கம் தொழிற்சாலைக்குப் போவார், பிள்ளையின் கையில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துப்போட்ட மடிக்கணினி இருக்கும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுபோனது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும், இன்டெல் சில்லு பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலோ அதற்குப் பின்னரோ வந்ததாக இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைகளிடம் இருப்பவை அதற்கு முந்தியவை. அந்த நேரத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். பிரவுசர் ஓடுகிறது, பள்ளிக் கட்டுரை எழுதலாம், தமிழில் தட்டச்சு செய்யலாம், வைரஸ் பயமும் குறைவு. எல்லாம் சரி.

அடுத்த வாரமே ஒருவன் கேட்டான்: "மாஸ்டர், இதுல பாட்டு எப்படிப் பதிவு பண்றது?"

இங்கே கணினி வாங்கும் பையன்களில் பாதிப் பேருக்கு மனசில் இருப்பது இசைதான். உருமிக் குழு வைத்திருப்பவன் தன் குழுவின் மேளத்தைப் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பான். தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஆண்டு விழா நடனத்துக்குப் பாட்டை வெட்டி ஒட்ட வேண்டும் என்பார். ராப் எழுதும் ஒரு பையன் இருக்கிறான், நன்றாகவே எழுதுகிறான், அவனுக்கு ஒரு பீட் வேண்டும். கல்லுமலைத் தைப்பூசத்துக்குப் போகும் குழுக்களில் யார் பதிவு நன்றாக இருக்கிறது என்பது இவர்களுக்குள் ஒரு பெரிய விஷயம். நீங்கள் நிறுவிக் கொடுக்கும்போது இதைக் கேட்பதில்லை. கேட்டாலும், "இசைக்கு நிறைய மென்பொருள் இருக்கிறது, ஸ்டோரில் தேடினால் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணினிக்குப் போய்விடுகிறீர்கள்.

நீங்கள் சொல்வது பொய்யில்லை. நிறையவே இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு ஆர்டர் (Ardour), வெட்டி ஒட்ட அடாசிட்டி, பீட் செய்ய எல்எம்எம்எஸ், டிரம்முக்கு ஹைட்ரஜன், ஸ்வரக் குறிப்பு எழுத மியூஸ்ஸ்கோர், சிந்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி, ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ். இவற்றில் சில எந்த விலைகொடுத்து வாங்கும் மென்பொருளுக்கும் சளைத்தவை அல்ல. கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற கதைதான் பிரச்சினை. மென்பொருள் திறக்கும், மைக் தெரியாது. மைக் தெரியும், சத்தம் வராது. சத்தம் வரும், அரை நொடி கழித்து வரும். எல்லாம் சரியாக வரும்போது, எதிரொலி மாதிரியான விளைவுகளைச் சேர்க்கும் பிளக்-இன் என்ற துணை மென்பொருள் காணாமல் போயிருக்கும். இணையத்தில் போய்க் கேட்டால், மென்பொருள் எழுதியவர் அது டிஸ்ட்ரோவின் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் பதிப்பின்) வேலை என்கிறார், டிஸ்ட்ரோக்காரர் அது ஒலியைப் பங்கிட்டு அனுப்பும் ஒலி சர்வரின் வேலை என்கிறார், அவரைக் கேட்டால் லினக்ஸின் உள்மையமான கெர்னலைக் கை காட்டுகிறார். ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் அளவில் நியாயம்தான். ஆனால் மைக்கிலிருந்து காதுவரை உள்ள முழு வழிக்கும் பொறுப்பு என்று யாரும் இல்லை. அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் பார்த்த ஒன்றை விவரமாகவே சொல்கிறேன். உருமி வாசிக்கும் பையன் இணையக் கடையில் சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) இரண்டு மைக் செருகும் யூஎஸ்பி ஒலிப்பெட்டி ஒன்று வாங்கி வந்தான். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. யூஎஸ்பி ஆடியோ பொது விதிகளைப் பின்பற்றும் பெட்டிகளுக்கு லினக்ஸில் தனி டிரைவர் எதுவும் தேவையில்லை. விண்டோஸில் டிரைவர் தேடி அலைகிற வேலை இதில் மிச்சம். செருகியதும் அவனுடைய பெட்டி தெரிந்தது. முதல் ஓட்டையில் உருமிக்கு ஒரு மைக், இரண்டாவதில் பாடுபவனுக்கு ஒரு மைக். பதிவு செய்து ஹெட்போனில் கேட்டால் உருமி முழுக்க இடது காதில், பாட்டு முழுக்க வலது காதில். "மாஸ்டர், ஒரு காதுலதான் கேக்குது, பெட்டி கெட்டுப்போச்சு போல" என்றான். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. கணினி அந்த இரண்டு ஓட்டைகளையும் ஒரு ஸ்டீரியோ மைக்கின் இடது வலது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒலிக் கட்டுப்பாட்டு மென்பொருளில் 'கான்ஃபிகரேஷன்' என்ற பக்கத்துக்குப் போய், அந்தப் பெட்டிக்கு நேரே உள்ள பட்டியலில் 'புரோ ஆடியோ' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாகத் தெரியும். அப்புறம் ஒவ்வொன்றையும் ஒரு மோனோ டிராக்கில் பிடிக்கலாம். தெரிந்தவருக்கு அரை நிமிஷ வேலை. ஆனால் அந்தப் பக்கம் அந்த மென்பொருளில் கடைசித் தாவலில் ஒளிந்திருக்கிறது. பல டிஸ்ட்ரோக்களில் அந்த மென்பொருளையே தனியாக நிறுவ வேண்டும். 'புரோ ஆடியோ' என்றால் என்ன என்று தமிழில் ஒரு வரி எழுதிவைத்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

இதே மாதிரி இன்னொன்று: மண்டபத்தில் புரொஜெக்டரைச் செருகினால் சத்தம் எச்டிஎம்ஐ வழியாகப் புரொஜெக்டருக்குப் போய்விடும். அதில் ஸ்பீக்கர் இருக்காது. பாட்டு ஓடுகிறது, சத்தமில்லை, ஆசிரியைக்கு வியர்த்துக் கொட்டுகிறது. இதையும் ஒரே இடத்தில் மாற்றலாம். அந்த இடம் எதுவென்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இணையத்தில் தேடினால் விடை கிடைக்கும் என்பீர்கள். கிடைக்கிறது. ஒன்றல்ல, நாலு காலத்து விடைகள் ஒன்றாகக் கிடைக்கின்றன. சங்கடமே அங்கேதான்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். லினக்ஸில் ஒலிக்கு அடித்தளம் அல்சா. முன்பிருந்த ஓஎஸ்எஸ் என்பதற்குப் பதிலாக, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலோடு நிலைபெற்றது. ஒரே நேரத்தில் பல மென்பொருள்கள் சத்தம் எழுப்ப வேண்டும், ஹெட்போனைச் செருகினால் அங்கே மாற வேண்டும் என்பதற்காக லெனார்ட் பொட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ வந்தது. 2008இல் உபுண்டு 8.04 அதை ஏற்றுக்கொண்டது. இசைக்காரர்களுக்கு அது போதவில்லை. அவர்களுக்குத் தாமதம் குறைய வேண்டும், ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குக் கம்பி இழுத்ததுபோல அனுப்ப வேண்டும். அதற்கு ஆர்டரை உருவாக்கிய பால் டேவிஸ் தொடங்கிய ஜாக் என்ற ஒலி சர்வர் ஏற்கெனவே இருந்தது. ஆனால் ஜாக் ஒலியட்டையைப் பிடித்துக்கொண்டால் பல்ஸ்ஆடியோ ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். பாட்டு பதிவு செய்யும்போது பிரவுசரில் யூடியூப் ஊமையாகும். இந்த இரண்டையும் சேர்த்துவைக்க ஆளாளுக்கு ஒரு பாலம் கட்டினார்கள். கடைசியில் விம் டெய்மன்ஸின் பைப்வயர் வந்து பல்ஸ்ஆடியோவின் வேலையையும் ஜாக்கின் வேலையையும் தானே செய்ய ஆரம்பித்தது. 2021இல் ஃபெடோரா 34, 2022இல் உபுண்டு 22.10, 2023இல் டெபியன் 12 என்று ஒவ்வொன்றாக அதற்கு மாறின.

உண்மையில் இது பெரிய முன்னேற்றம். பத்து வருஷத்துக்கு முன் லினக்ஸில் இசை செய்ய முயன்று கைவிட்டவர்கள் இப்போது வந்து பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் எழுதிவைத்த அறிவுரைகள் மாறவில்லையே. 2009இல் ஒருவர் பல்ஸ்ஆடியோவை நீக்கிவிடு என்று எழுதியிருப்பார். 2014இல் இன்னொருவர் ஜாக்கைத் தனியாக ஓட்டப் பத்து வரிக் கட்டளை கொடுத்திருப்பார். 2018இல் மூன்றாமவர் தனிக் கெர்னல் போடச் சொல்லியிருப்பார். பதினாறு வயதுப் பையனுக்கு எது எந்தக் காலத்தது என்று எப்படித் தெரியும்? ஒருவன் முதல் அறிவுரையைப் பின்பற்றினான். அதோடு தொடர்புடைய பொதிகள் என்று டெஸ்க்டாப்பில் பாதியும் சேர்ந்து போய்விட்டது. கணினியைத் திரும்பக் கொண்டுவந்து, "அண்ணன்கிட்ட சொல்லி விண்டோஸே போட்டுத் தரச் சொல்லுங்க மாஸ்டர்" என்றான். பழைய குருடி கதவைத் திறடி. நீங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அப்படித்தான் வீணாகிறது.

தாமதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டுரை எழுதுபவருக்கு இந்தக் கவலையே இல்லை என்பதால் உங்களில் பலர் இதை அனுபவித்திருக்க மாட்டீர்கள். கணினி ஒலியைத் துண்டு துண்டாக எடுத்துக் கையாளும். பைப்வயர் வழக்கமாக எடுக்கும் துண்டு 1024 மாதிரிகள், அதாவது ஒலியின் அளவீடுகள். நொடிக்கு 48,000 மாதிரி என்றால் அது 21 மில்லி நொடி. உள்ளே வர ஒரு துண்டு, வெளியே போக ஒரு துண்டு என்று குறைந்தது 43 மில்லி நொடி ஆகிறது. காற்றில் ஒலி அந்த நேரத்தில் கிட்டத்தட்ட 15 மீட்டர் போய்விடும். அதாவது ஹெட்போன் போட்டுக்கொண்டு உருமி வாசிப்பவனுக்குத் தன் மேளம் மண்டபத்தின் மறுகோடியில் யாரோ வாசிப்பதுபோலக் கேட்கும். அவன் அதைக் கேட்டுத் தன் கையை நிதானிப்பான், அது இன்னும் பின்வாங்கும், தாளம் இழுத்துக்கொண்டே போகும். துண்டை 128 ஆக்கினால் ஒரு துண்டுக்கு 2.7 மில்லி நொடிதான். அப்போது வாசிக்கலாம். ஆனால் பழைய கணினியில் 128 வைத்தால் சில நேரம் படபடவென்று வெடிக்கும் சத்தம் வரும். 256 வைத்தால் அது நின்றுவிடும். இந்த எண்ணை எங்கே மாற்றுவது, எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதுதான் இசைக்காரனுக்கு லினக்ஸில் முதல் பாடமாக இருக்க வேண்டும். பலருக்கு அது கடைசிவரை வந்து சேருவதில்லை.

புளூடூத் ஹெட்போனைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். எல்லாப் பையன்களிடமும் அதுதான் இருக்கிறது. கணினியை எவ்வளவு சரிசெய்தாலும் புளூடூத் சேர்க்கும் தாமதம் வேறு கணக்கு, அதைக் காதில் வைத்துக்கொண்டு தாளம் வாசிக்கவே முடியாது. கம்பி உள்ள ஹெட்போன் பசார் மாலாம் இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். இதற்கு லினக்ஸ் எதுவும் காரணமில்லை, ஆனால் பழி அதன் தலையில்தான் விழுகிறது.

இதில் இன்னொரு முடிச்சு, ஒலி வேலைக்கு முன்னுரிமை கொடுக்கும் அனுமதி. டெபியனில் ஜாக்கை நிறுவும்போது நடுவில் ஒரு நீலத்திரை வந்து, 'ரியல்டைம்' முன்னுரிமையை அனுமதிக்கலாமா என்று கேட்கும். கூடவே கணினி உறைந்துபோகலாம் என்று ஒரு எச்சரிக்கை. படித்த பிள்ளை பயந்துபோய் வேண்டாம் என்றுதான் அழுத்தும். அப்புறம் பயனரை 'ஆடியோ' குழுவில் சேர்க்க வேண்டும், வெளியேறித் திரும்ப நுழைய வேண்டும். ரியல்டைம் கெர்னலுக்கான வேலை பல வருஷமாகத் தனியாக நடந்து, 2024இல் 6.12 கெர்னலில்தான் முழுமையாக உள்ளே வந்தது. சாதாரணப் பதிவுக்கு அதுகூடத் தேவையில்லை. ஆனால் எது தேவை, எது தேவையில்லை என்று சொல்ல ஆள் வேண்டுமே.

இனி நிறுவும் கதை. ஒரே மென்பொருள், நாலு வாசல். டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியம், ஃபிளாட்பேக், ஸ்நாப், ஆப்இமேஜ். ஸ்டோரில் தேடினால் ஒரே பெயர் இரண்டு தடவை வரும், எது என்னவென்று தெரியாது. பிரவுசருக்கோ எழுத்துச் செயலிக்கோ எந்த வாசல் வழியாக வந்தாலும் பரவாயில்லை. இசைக்கு அப்படியில்லை. ஃபிளாட்பேக் வழியாக வந்த பதிவு மென்பொருள் தன் கூண்டுக்குள் இருக்கும். களஞ்சியத்திலிருந்து நிறுவிய எல்வி2 வகைப் பிளக்-இன்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது. பிளக்-இன்களையும் ஃபிளாட்பேக் வழியாகவே நிறுவ வேண்டும், எல்லாமே அதில் கிடைக்காது. ஸ்நாப் வழியாக வந்தால் சிலவற்றுக்கு மைக் அனுமதியைத் தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கும். பையனுக்குத் தெரிவதெல்லாம் ஒன்றுதான்: ரிவர்ப் நிறுவினேன், ஆனால் காணோம்.

ஆர்டருக்கு இன்னொரு சங்கதி. மூலநிரல் யாருக்கும் திறந்தது. ஆனால் அவர்கள் தயாரித்துவைத்திருக்கும் உடனே ஓடும் பதிப்பு வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். எழுதுபவர் சாப்பிட வேண்டாமா, அது நியாயம்தான். டிஸ்ட்ரோ தரும் பதிப்பு இலவசம், ஆனால் அதில் கோளாறு என்று கேட்டால் அவர்கள் உதவுவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், வங்கி அட்டை இல்லாத பள்ளிப் பிள்ளை பணம் கட்டும் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இலவசம்னு சொன்னாங்க" என்று திரும்பிவிடுவான்.

எல்எம்எம்எஸ் என்ற பெயரைச் சொல்லி அனுப்புவதையும் கொஞ்சம் யோசியுங்கள். பீட் செய்ய நல்ல மென்பொருள். ஆனால் 1.2 பதிப்பில் மைக்கிலிருந்து குரலைப் பதிவு செய்யும் வசதி கிடையாது. அந்த ராப் பையன் பதிவுப் பொத்தானைத் தேடி ஒரு ராத்திரியைத் தொலைத்தான். பீட்டை அங்கே செய், வேவ் கோப்பாக வெளியே எடு, ஆர்டரிலோ அடாசிட்டியிலோ வைத்து அதன் மேல் பாடு என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

விண்டோஸ் பிளக்-இன் பற்றி நீங்கள் கொஞ்சம் தாராளமாகவே வாக்குக் கொடுக்கிறீர்கள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் இருக்கிறது, அதன் வழியாகப் பிளக்-இன்களை இணைக்கும் யாபிரிட்ஜ் இருக்கிறது, எல்லாம் ஓடும் என்று. ஓடும், ஓடாமலும் போகும். வைன் 9.22 வந்ததும் யாபிரிட்ஜ் வழியாகத் திறந்த பிளக்-இன்களில் மவுஸ் மக்கர் செய்தது. 9.21லேயே நிறுத்திவையுங்கள் என்றார்கள். பதிப்பை நிறுத்திவைப்பது எப்படி என்று எங்கள் பையன்களுக்குத் தெரியுமா? விண்டோஸ் பிளக்-இன் இல்லாமல் முடியாது என்று நினைப்பவரிடம், இப்போதைக்கு விண்டோஸிலேயே இருங்கள் என்று நேராகச் சொல்லிவிடலாம். நம்பிக்கை கெடாது. நாளைக்கு அவரே திரும்பி வருவார்.

ஒலிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க மாட்டேன். நிறுவிய மென்பொருளில் வாத்தியப் பட்டியலைத் திறந்தால் பெரும்பாலும் ஜெனரல் மிடி என்ற 1991ஆம் வருஷத்துப் பட்டியல்தான் வரும். 128 வாத்தியங்கள். 105இல் சித்தார் இருக்கிறது. 112இல் ஷெனாய் இருக்கிறது. ஜப்பானின் தைக்கோ மேளம்கூட 117இல் இருக்கிறது. நாதஸ்வரம் இல்லை, தவில் இல்லை, உருமி கிடக்கட்டும். இது லினக்ஸின் குற்றமில்லை, எந்தக் கணினியிலும் இதே பட்டியல்தான். ஆனால் விலைகொடுத்து வாங்கும் உலகத்தில் இந்திய வாத்தியங்களுக்குத் தனித் தொகுப்புகள் கிடைக்கின்றன. கட்டற்ற உலகத்தில் தவிலுக்குத் தேடினால் கிடைப்பவை அரைகுறை. உருமி வாசிப்பில் ஒரு பக்கம் குச்சியால் தட்டுவதும் மறுபக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பதும் சேர்ந்துதான் அந்த உறுமல். தேய்க்கும் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மேலே போய்க் கீழே வரும். அதைப் பதிவு செய்த ஒற்றை ஒலி மாதிரியால் பிடிக்க முடியாது. நீளமாக, குறுகலாக, மெதுவாக, வேகமாக என்று பல தேய்ப்புகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து எஸ்எஃப்இசட் என்ற வாத்திய வரையறைக் கோப்பில் அடுக்க வேண்டும். அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திருத்தலாம். ஹைட்ரஜனுக்கு ஒரு தவில் தொகுப்பையும் இப்படியே செய்யலாம். சர்ஜ் எக்ஸ்டி, ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ் இரண்டும் ஸ்காலா என்ற சுருதிக் கோப்புகளை ஏற்றுக்கொள்ளும். மேற்கத்தியச் சமசுருதியை விட்டு நம் ஸ்வர இடைவெளிகளில் சிந்தசைசரை வைக்கலாம். விலைகொடுத்து வாங்கும் பல மென்பொருள்களே இதில் பின்தங்கி நிற்கின்றன. லினக்ஸைப் பற்றி எங்கள் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்ல இப்படி ஒன்று இருக்கும்போது, வைரஸ் வராது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறீர்களா? புது மென்பொருள் எதுவும் வேண்டாம். புது டிஸ்ட்ரோவும் வேண்டாம். தயவுசெய்து அது மட்டும் வேண்டாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு ஸ்டூடியோ 2007இலிருந்து வருகிறது, இசை மென்பொருள்களோடும் ஒலி அமைப்பை மாற்றும் தனிக் கருவியோடும் வருகிறது. ஏவி லினக்ஸ் இருக்கிறது, ஃபெடோரா ஜாம் இருக்கிறது. உங்களுக்குள் எது நல்லது என்று விவாதம் நடக்கும் என்று தெரியும். அதை வரும் வழியில் காரிலேயே முடித்துக்கொண்டு, எங்களிடம் ஒரே பெயரோடு வாருங்கள். இசை செய்யும் பிள்ளைக்கு அதை மட்டும் நிறுவுங்கள். நீண்ட கால ஆதரவுப் பதிப்பைப் போட்டு, அடுத்த பெரிய பதிப்புக்கு மாற்றுவதை நீங்கள் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள். திருவிழாவுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது எவனாவது அப்டேட் அழுத்திவிட்டு என்னிடம் ஓடி வருவதை இனிமேல் என்னால் தாங்க முடியாது.

நிறுவி முடித்ததும் ஒரு மைக்கைச் செருகிப் பத்து நொடி பதிவு செய்து, அந்தப் பிள்ளையின் காதில் கேட்க வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பிரவுசர் ஓடுகிறதா என்று பார்ப்பதுபோல இதையும் பார்க்க வேண்டும். நான் மேலே சொன்ன தடங்கல்களில் பாதி அந்தப் பத்து நொடிக்குள்ளேயே வெளியே வந்துவிடும். அதற்கான கருவிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான், கியூபிடபிள்யூகிராஃபைத் திறந்தால் எது எதோடு இணைந்திருக்கிறது என்று கம்பி கம்பியாகப் படம் வரைந்தே காட்டும். அதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் புரிகிறது. மேடையில் கேபிள் இழுத்துப் பழகியவர்கள் அல்லவா.

எந்த ஒலிப்பெட்டி, எந்த மாடல், எந்தப் பதிப்பில் ஓடியது, துண்டின் அளவு எதில் நின்றது என்று ஒரு பொதுப் பட்டியல் வைத்திருங்கள். நம் நாட்டு இணையக் கடைகளில் கிடைக்கும் மலிவுப் பெட்டிகளாக இருக்கட்டும். சில பெட்டிகளில் சின்ன சூட்சுமங்கள் உண்டு. ஃபோக்கஸ்ரைட் கம்பெனியின் ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறைப் பெட்டி புதிதாக வரும்போது யூஎஸ்பி டிரைவ் மாதிரி ஒரு நிலையில் இருக்கும், 48வி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு செருகினால் அந்த நிலையிலிருந்து வெளியே வரும். அதற்கான மிக்சர் கட்டுப்பாடுகளை லினக்ஸ் கெர்னலில் எழுதிச் சேர்த்தவர் ஜெஃப்ரி பென்னட். இப்படி ஒருவர் உழைத்திருக்கும் விஷயமே நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எந்தப் பெட்டியை வாங்குவது என்று யோசித்து வாங்குவார்கள்.

அப்புறம் வழிகாட்டி. தமிழில், தேதி போட்டு. தேதி ரொம்ப முக்கியம். எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று தலையிலேயே இருக்க வேண்டும், காலாவதியானால் எடுத்துவிட வேண்டும். கலைச்சொல் புதிதாகப் படைத்து எங்களைச் சோதிக்காதீர்கள். திரையில் ஆங்கிலத்தில் என்ன வருகிறதோ அதை அப்படியே காட்டி, அது என்ன செய்யும் என்று தமிழில் சொன்னால் போதும். படத்தோடு நாலைந்து பக்கம். மைக் தெரியவில்லை, ஒரு காதில் மட்டும் கேட்கிறது, தாமதமாக வருகிறது, வெடிக்கிறது, பிளக்-இன் காணவில்லை. இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் எங்கள் அறைக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் தீர்ந்துபோகும்.

ஒரு கோளாறு மென்பொருளிலேயே இருக்கிறது என்று தெரிந்தால், போய்ப் புகார் எழுது என்று எங்களை அனுப்பாதீர்கள். ஆங்கிலத்தில், பதிவேடுகளோடு, பதிப்பு எண்களோடு எழுத வேண்டும், எழுதினால் மேலும் நாலு கேள்வி வரும். அந்தப் பையனால் முடியாது. அவன் சொல்வதைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு அந்த மொழி தெரியும், அவனுக்கு அந்தக் கோளாறு தெரியும்.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது, தமிழ் எழுத்து விஷயத்தில் நடந்திருக்கிறது. ஒரு எழுத்துருவில் அடித்த கடிதம் இன்னொருவர் கணினியில் கிறுக்கலாகத் தெரிந்த காலத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1980களிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. விசைப்பலகையிலிருந்து திரைவரை, திரையிலிருந்து அச்சுவரை என்று முழு வழியையும் பார்த்து வேலை செய்தவர்கள் இருந்ததால்தான் இன்று எங்கள் பிள்ளைகள் கைப்பேசியில் யோசிக்காமல் தமிழில் அடிக்கிறார்கள். மைக்கிலிருந்து காதுவரை உள்ள வழி அதைவிடச் சின்னது.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். உருமி, தவில், நாதஸ்வரம் மூன்றுக்கும் வாசிக்க ஆள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகப் பதிவு செய்து, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு கொடுக்கத் தயார். வாசிப்பவர்களிடம் பேசிவிட்டேன், சம்மதம். அவர்கள் பெயரைத் தொகுப்பில் போட வேண்டும் என்பது மட்டும் அவர்கள் கேட்பது. மாதிரிகளை வெட்டி, எஸ்எஃப்இசட் கோப்பில் அடுக்கத் தெரிந்தவர் உங்களில் ஒருவர் வந்தால் போதும், மீதியை எங்கள் பையன்களே கற்றுக்கொள்வார்கள்.

தைப்பூசம் முடிந்த கையோடு குழுவினர் ஓய்வாக இருப்பார்கள். மண்டபத்து அறை செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாள்களில் மாலை காலி. சாப்பாடு எங்கள் பொறுப்பு. வரும்போது உங்கள் புது லேப்டாப்பைக் கொண்டுவராதீர்கள், அதில் எல்லாம் ஓடும் என்று எங்களுக்குத் தெரியும். இங்கே இருக்கும் பழைய கணினிகளிலேயே செய்து பார்ப்போம். ஒலிப்பெட்டி இரண்டு இருக்கிறது, கம்பி உள்ள ஹெட்போன் நான் வாங்கி வைத்துவிடுகிறேன். என்றைக்கு வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இசை ஆசிரியர்
சுங்கை சிப்புட், பேராக்